காப்பில்லாத கை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, மைக் பிடித்துச் சொல்லுகிற சாட்சிகள் பெரும்பாலும் நல்லபடியாக முடியும். என்னுடையது அப்படி முடியவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருந்தால் நெஞ்சை அடைக்கிறது.

எனக்கு நாகலாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் வைத்த பெயர் மல்லிகா, ஞானஸ்நானத்தில் எஸ்தர். ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் வந்தபோது என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் கூலி வேலையை விட்டு அங்கே போனார்கள். ஷிப்ட் வேலை என்பதால் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கினார்கள். நானும் தம்பி மனைவி கஸ்தூரியும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமாகக் குடியிருந்தோம். மாமியார் அவள் பக்கம்.

நான் ஆண்டவரை ஏற்றுக்கொண்டதிலிருந்து அத்தை என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கஸ்தூரியும் பேச்சை விட்டுவிட்டாள். அதற்கு முன்பு நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வருஷக் கடைசி ஆராதனையில் பாஸ்டர் கேட்பார்: "இந்த வருஷம் கனி குடுத்தவங்க எழுந்து நில்லுங்க." ஒரு ஆத்துமாவையாவது ஆண்டவரிடம் கூட்டிவந்தவர்கள் நிற்பார்கள். நான் உட்கார்ந்த பாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். எனக்குக் கல்லடி மட்டும் விழுந்துகொண்டிருந்தது, காயைத்தான் காணோம். 'என்னை எதற்கு இந்த ஊரில் நட்டு வைத்தீர்?' என்று ஜெபத்தில் சண்டை போடுவேன்.

எங்கள் ஊரில் கங்கம்மா ஜாத்திரைக்குச் சாட்டியதும் எல்லோரும் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டியவர்கள் ஜாத்திரை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது. என் கை மட்டும் வெறும் கை. கரகம் வீடு வீடாக நின்று வரும், என் வாசலில் நிற்காமல் போய்விடும்.

ஒரு வருஷம் ஜாத்திரை சமயத்தில் கஸ்தூரிக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து உண்டான பிள்ளை. வயிற்றுப்பிள்ளைக்காரி என்று அவளுக்குக் காப்புக் கட்டவில்லை. மத்தியானம் கரகம் தெருமுனையில் வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டது. ஓடினேன். புடவையெல்லாம் ரத்தம். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட யார் வருவது என்று கேட்டார்கள். பெண்கள் எல்லோரும் அவரவர் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள்.

"நான் எல்லைய தாண்டுனா அவளுக்குத்தான் ஆவாது," என்று அத்தை அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மல்லிகா, நீ போடி. உன் கையிலதான் காப்பு இல்ல."

எத்தனை வருஷம் கழித்து என் பெயரைச் சொன்னாள்!

புத்தூர் தாண்டினோம், வடமாலபேட்டை தாண்டினோம். கஸ்தூரி என் கையை விடவே இல்லை. "அக்கா, உன் சாமிகிட்ட கேளுக்கா. என் புள்ளய உட்ற சொல்லுக்கா."

கேட்டேன். இரண்டு உயிரையும் தாரும் என்று வாய்விட்டுக் கதறினேன். திருப்பதி ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெலுங்கில், நீ இவளுக்கு என்ன வேண்டும் என்றாள். "அக்கா," என்றேன்.

பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அவளும் பிழைப்பது கஷ்டம் என்றார்கள்.

அத்தைக்குப் போன் செய்தேன். "ஜாத்திர நடந்துக்கினு கீது. சாவ ஊருக்குள்ள எடுத்துக்கினு வரக்கூடாதுடி," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். ஸ்ரீ சிட்டியிலிருந்து ஓடி வந்த கொழுந்தனார் பிள்ளையை வாங்கிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். பாஸ்டரைக் கூப்பிட்டேன். நாகலாபுரத்தில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில், விசுவாசிகள் மண்வெட்டியோடு வந்து குழி வெட்டி, அந்தக் குழந்தைக்கு இடம் கொடுத்தார்கள். கொழுந்தனார்தான் முதல் மண் போட்டார்.

நான் கஸ்தூரியின் கட்டிலருகே இருந்தேன். ஜெபம் வரவில்லை. கேட்டதைத் தராதவரிடம் இன்னும் என்ன கேட்பது? 'அவளையாவது விட்டுவிடும்' என்ற ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது ஜெபமா புலம்பலா, எனக்கே தெரியாது.

ஒரு காலையில் கண்ணைத் திறந்தாள். "பசிக்குதுக்கா. எதுனா துன்ன குடு," என்றாள். ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டினேன். என் கையால் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள், நானும் அழுதுகொண்டே ஊட்டினேன். என் ஆண்டவருக்கு அன்று சொன்ன ஸ்தோத்திரம்போல நான் எப்போதும் சொன்னதில்லை.

கஸ்தூரி சபைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையும் இல்லை. பாஸ்டர் வருஷா வருஷம் கேட்கிறார், நான் இன்னும் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இப்போது குனிவதில்லை. கனி என்றால் தலை எண்ணிக்கை என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பசிக்கும்போது கையில் சோறு இருப்பதும் கனிதான் என்று ஆண்டவர் எனக்குக் காட்டினார்.

அடுத்த ஜாத்திரைக்குக் காப்புக் கட்டிக்கொண்டதும் அத்தை என் வாசலுக்கு வந்தாள். "தண்ணி குடுடி," என்றாள். குடித்துவிட்டு, "நீ கீற தைரியத்துலதான் நாங்க காப்பு கட்டிக்கிறோம்," என்றாள்.

பிரியமானவர்களே, உங்கள் கிளையும் மொட்டையாகத் தெரியலாம். கேட்டது கிடைக்காமலே போகலாம். அப்போதும் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் நட்ட இடத்தைவிட்டு அசையாதீர்கள்.

அந்தப் பிள்ளை போன நாள் ஜாத்திரைக்குள்தான் வருகிறது. அன்று கஸ்தூரியால் எல்லையைத் தாண்ட முடியாது. விடியும்போதே மல்லிகைப் பூவைத் தொடுத்து, காப்புக் கட்டிய கையால் சுவருக்கு மேலே நீட்டுவாள். நான் வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருவேன்.