பியானோக்காரன் எழுந்து போன மத்தியானம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்தே கதையைக் கெடுத்துவிடுகிற ஆள் நான். ஆந்திர எல்லையில் எங்கள் ராமகுப்பம் பக்கத்தில் கிணற்றுக்கு ஒரு கதை, புளியமரத்துக்கு ஒரு கதை என்று இருக்கும், நான் இருக்கிற இடத்தில் அதையெல்லாம் யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்டவள் இப்போது உங்களைப் பிடித்து உட்காரவைத்து இதைச் சொல்கிறேன் என்றால் எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.

முதலில் ஜாஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது. பெங்களூரில் ஒரு காபி கடையில் காபி போடுகிற வேலையில் இருந்தேன். அந்த முதலாளிக்கு ஜாஸ் பைத்தியம், கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை அதுதான் ஓடும். முதல் மாதம் தலைவலி வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ வீட்டுச் சாமான்களை உருட்டுகிற மாதிரி இருந்தது. அப்புறம் எப்போது உள்ளே இறங்கியது என்று தெரியவில்லை, ஒருநாள் கடைக்கு விடுமுறை, அறையில் சும்மா படுத்திருக்கிறேன், காது அதைத் தேடுகிறது. கொரோனாவில் கடையை மூடியபோது முதலாளி என் கையில் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார், எனக்குப் பிடித்த ஆல்பங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

ஊரில் நானும் நைனாவும் மட்டும்தான், அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். நைனா கூலி வேலை செய்து செய்து கொஞ்சம் நிலம் வாங்கி, அதில் மல்பெரி போட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை கட்டிப் பட்டுப்புழு வளர்த்தார். அந்தக் கொட்டகையில் ஒரு ரேடியோ பெட்டி தொங்கும், பென்டிரைவ் செருகுகிற மாதிரி. வேறு போக்கிடம் ஏது? காலையில் தழை வெட்டிப் போட்டுவிட்டு ஆல்பத்தை ஓடவிடுவேன். ஒன்று முடிந்தால் இன்னொன்று. வெளியே உலகமே செத்துக்கொண்டிருக்கிறது, நான் புழுவுக்கு நடுவில் உட்கார்ந்து ட்ரம்பெட் கேட்டுக்கொண்டிருந்தேன், என்ன செய்வது சொல்லுங்கள்.

நைனாவுக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னாம்மா இது, பாடறவனயே காணோம்?"

"இதுல பாடமாட்டாங்க நைனா, வாசிப்பாங்க அவ்ளோதான்."

"அப்ப பாட்டு எப்பதான் வரும்?"

பாட்டு வரும் வரும் என்று சில நாள் நிஜமாகவே காத்திருந்தார், பாவம். அப்புறம் ஒருநாள் தழை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது எனக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம். ஏதோ ஒரு சின்ன விடுதியில் ஆட்கள் முன்னால் வாசித்தது, பியானோ, பெரிய பேஸ், ட்ரம், மூன்றே பேர். ட்ரம்காரன் குச்சியால் அடிக்கமாட்டான், கம்பித் துடைப்பம் மாதிரி ஒன்றை வைத்துத் தேய்ப்பான். நைனா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "அடடே, புழு துன்ற சத்தம் மாதிரியே கீதும்மா" என்றார். நிஜம்தான். பெரிய புழுக்கள் தழை தின்னும்போது தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதே சத்தம். அன்றிலிருந்து அந்த ஆல்பத்தை மட்டும் அவரே போடச் சொல்வார்.

இரண்டாவது அலையில் அவருக்கு வந்தது. இருமல் இருமல் என்று சொல்லிக்கொண்டே தழை வெட்டினார், ஒருநாள் வெட்ட முடியவில்லை. குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து திருப்பதிக்கு. கூட யாரும் போகக்கூடாது. எனக்கும் பரிசோதனை எடுத்து, எனக்கும் இருக்கிறது என்று சொல்லி, வீட்டுக்கு முன்னால் கட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். மருந்து அடிக்கிற ஆட்கள் வந்தபோது கொட்டகைப் பக்கம் அடிக்காதீர்கள், புழு செத்துவிடும் என்று காய்ச்சலோடு நின்று சண்டை போட்டேன். எதிர்வீட்டு சரோஜா அக்கா மட்டும் கட்டைக்கு அந்தப்பக்கம் சோற்றை வைத்துவிட்டு, "தோ வெச்சிக்கீறன், எடுத்துத் துன்னு, கிட்ட மட்டும் வராதே கண்ணு" என்று கத்திவிட்டு ஓடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அவள் வீட்டிலும் குழந்தைகள் இருந்தன.

நைனா திருப்பதியிலிருந்து பேசுவார். வார்டில் வேலை செய்கிற ஒருவர் நல்ல மனுஷன், போனைப் பிடித்துக் காதில் வைப்பார். மூச்சு வாங்க வாங்க நைனா கேட்பது ஒன்றேதான், "பழம் ஆச்சாமா?" புழு தின்பதை நிறுத்தி, உடம்பு மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி ஆனால் அதைப் பழம் என்போம். பழமானால் அன்றைக்கே பொறுக்கிச் சந்திரிகையில் போட்டாக வேண்டும். சந்திரிகை என்பது சுருள் சுருளாகப் பின்னிய மூங்கில் தட்டு, அதில் ஏறித்தான் கூடு கட்டும். விட்டால் தழையிலேயே கண்டபடி கட்டிப் பாழாகிவிடும். எப்போதும் அந்த நாளில் தெருவே வந்து பொறுக்கும். இந்த முறை யார் வருவார்கள்? கூடு வாங்குகிற மார்க்கெட்டும் மூடிக்கிடந்தது. இதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவர் திரும்பி வரும்போது கொட்டகை காலியாக இருக்கக்கூடாது. அது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து நடமாடினேன்.

ஒருநாள் காலை போய்ப் பார்த்தால் அத்தனையும் பழம். ஒரு கடி சத்தம் இல்லை, எல்லாம் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். முதல் புழுவை வீட்டுப் பெரியவர்தான் சந்திரிகையில் வைக்க வேண்டும், அதற்கு முன்னால் வேறு யாரும் கை வைக்கக்கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றுதான் சொன்னேனே, ஆனால் அவர் மனசு சந்தோஷப்படட்டும் என்று ஒரு யோசனை செய்தேன். போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனைச் சந்திரிகை மேலேயே வைத்தேன்.

"நைனா, பழம் ஆயிடுச்சி. நீதான் மொதல்ல கை வைக்கணும்."

"நான் எங்கமா... வர்றது..."

"வர வேணாம் நைனா. போன் சந்திரிகை மேல கீது. வெச்சேன்னு சொல்லு போதும், நான் புழுவ வெக்கிறன்."

இழுத்து இழுத்து மூச்சு விட்டார். அப்புறம், "வெச்சன்மா" என்றார். நான் ஒரு புழுவை வைத்தேன். லைன் போய்விட்டது. அந்த வழக்கத்தில் இன்னொரு பாதி உண்டு, அது அப்போது என் புத்தியில் இல்லை. முதல் கை வைத்தவர், கடைசிப் புழு ஏறுகிறவரை கொட்டகையை விட்டு வெளியே போகக்கூடாது. நைனா தண்ணீர் குடிக்கக்கூடப் போகமாட்டார்.

நைனாவுக்குப் பிடித்த ஆல்பத்தைப் போட்டுவிட்டுப் பொறுக்க ஆரம்பித்தேன். வெயில் உச்சிக்கு வந்தது. காய்ச்சலில் வேலை ஓடவில்லை, பாதி வரிசைகூட முடியவில்லை, அந்தப்பக்கம் முழு அடுக்கும் அப்படியே கிடக்கிறது. ஆல்பம் கடைசிப் பாட்டுக்கு வந்துவிட்டது. அதில் நடுவில் பியானோக்காரன் நிறுத்திவிடுவான், பேஸ் தனியாகப் பேசும், பின்னால் அந்தத் தேய்க்கிற சத்தம் மட்டும் வரும். எனக்கு மனப்பாடமான இடம், ஒரு சொம்பு தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பியானோ திரும்பி வந்துவிடும்.

அன்றைக்கு வரவில்லை.

பேஸ் போய்க்கொண்டே இருக்கிறது, தேய்ப்பு போய்க்கொண்டே இருக்கிறது, பெட்டி மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். மாட்டிக்கொண்டால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வரும் அல்லவா, இது அப்படியில்லை, நான் கேட்டே இராத வாசிப்பு புதிது புதிதாகப் போகிறது. ஆள் எழுந்து வெளியே போயிருக்கிறான், வருகிறவரை பார்த்துக்கொள்வோம் என்று மற்ற இரண்டு பேரும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. வாசலில் விழுந்த வெயில் சாய்ந்தது, அது இன்னும் நிற்கவில்லை. அப்போதுதான் அந்தத் தேய்ப்புக்குள்ளேயே வேறொரு சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால், அந்தப்பக்கத்து அடுக்கில், மூங்கில் தட்டை இழுத்துத் திருப்பி வைக்கிற சத்தம். ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எனக்குப் பயம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும் என்று மட்டும் தெரிந்தது. நின்றுவிட்டால் அத்தனை புழுவும் போய்விடும், அவர் வந்து கேட்டால் என்ன சொல்வேன். அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். கையை நீட்டினால் தொடுகிற தூரம்தான். என் கடைசிப் புழுவை நான் வைத்தேன், பின்னாலும் சத்தம் ஓய்ந்தது, பியானோ வந்து சேர்ந்தது, பாட்டு முடிந்தது, எப்போதும்போல நாலு பேர் கை தட்டினார்கள். அப்புறம்தான் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை. அந்தப்பக்கத்துச் சந்திரிகை எல்லாம் நிரம்பியிருந்தது, நான் வைப்பதைவிடச் சீராக.

பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது, அந்த வார்டு மனுஷன். தெலுங்கில், "அம்மா, மீ நைனா போயாரம்மா" என்றார், உங்கள் நைனா போய்விட்டார் என்று. எப்போது என்று கேட்டேன். மத்தியானம் என்றார், சரியாக யாரும் கவனிக்கவில்லையாம். நைனாவை ஊருக்குக் கொண்டுவர விடவில்லை, அங்கேயே எரித்தார்கள். அந்த வார்டு மனுஷன் இரக்கப்பட்டு ஒரு படம் அனுப்பினார், அதில் ஒரு பைதான் இருந்தது. முகம் இல்லை.

கூடு அறுக்கிற நாள் வந்தது. கட்டையை எடுத்துவிட்டார்கள். மார்க்கெட் மூடியிருந்ததால் நூல் சுற்றுகிற ஒரு பெரியவர் வீடு வீடாக வந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கித்தான் வாங்குவார்கள், உள்ளே கூட்டுப்புழு லொட லொட என்று உருளும். என் பக்கத்துக் கூடுகளைக் குலுக்கினார், தலையாட்டினார். அந்தப்பக்கத்துக் கூட்டை எடுத்துக் குலுக்கினார், மறுபடி குலுக்கினார். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிளேடால் நறுக்கினார். புழுவும் இல்லை, உரித்த தோலும் இல்லை, வெள்ளை வெளேர் என்று சுத்தமாக இருந்தது.

"லோபல ஏமீ லேதம்மா" என்றார். உள்ளே ஒன்றுமே இல்லையம்மா என்று. அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான். நல்ல கூடுகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டு ஆபீஸ் அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, ஊசி ஈ தின்றிருக்கும் என்றார். ஈ தின்றால் ஓட்டை இருக்காதா சார் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எல்லாவற்றையும் குழியில் கொட்டினேன். கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. அந்த ஆல்பத்தை அப்புறமும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், பேஸ் வாசிக்கிற இடம் பழையபடி சின்னதாகத்தான் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் ஒன்றுதான் தோன்றுகிறது, ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம். புழு போனால் போயிருக்கட்டும்.

அந்தப்பக்கத்துக் கூட்டில் ஒன்றை மட்டும் நறுக்காமல் ஒரு டப்பாவில் மூடி வைத்திருந்தேன். அவ்வப்போது எடுத்துக் காதில் வைத்துக் குலுக்குவேன், சத்தம் வராது, திரும்ப வைத்துவிடுவேன். போன மாதம் திறந்து பார்த்தேன். கூட்டின் ஒரு முனையில் ஓட்டை. நூல் நனைந்து, விலகி, ஓரத்தில் பழுப்புக் கறை. புழு வளர்க்கிற வீட்டில் பிறந்தவளுக்கு அது தெரியாதா, உள்ளே இருப்பது வெளியே வரும்போது போடுகிற ஓட்டை அது. டப்பா மூடியபடிதான் இருந்தது. அதற்குள் வேறு எதுவும் இல்லை. எப்போது போனதோ தெரியாது, இந்தத் தடவையும் நான் பார்க்கவில்லை.