வாழவந்தி நாட்டுக்கு ஒரு கேமரா

என் பழைய கேமராவின் பின்மூடி சரியாகச் சாத்தாது. ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். மைத்துனன் மகனுக்கு மொட்டையடித்துக் காது குத்திய அன்று அந்த ரப்பர் பேண்டு எந்த நேரத்தில் அறுந்ததோ தெரியாது, வெளிச்சம் உள்ளே புகுந்து ஒரு ரோல் முழுக்கப் போய்விட்டது. கழுவி வந்த சுருளை மாமனார் வெயிலுக்கு நேராகப் பிடித்து, முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு வந்திருந்தவர்களிடம் சொன்னார்:

“பேரனுக்கு மொட்டை போட்டோம். மாப்ளை படத்துக்கும் சேத்துப் போட்டுட்டாரு.”

அதற்கு முன்பும் என் படங்களைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. உயரமானவர்களுக்கு என் படத்தில் தலை கொஞ்சம் குறைவாக விழும். மாமனார் நல்ல உயரம்.

ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு மிளகும் மரவள்ளியும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். போட்டோ பிடிப்பது இடையில் வந்து ஒட்டிக்கொண்ட வேலை. மனுவுக்கு ஒட்டும் படம், காதுகுத்து, வளைகாப்பு இவ்வளவுதான். படத்தை எடுத்த பிறகு கழுவி வரும்வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. தொழிலுக்கு ஏற்ற மனசு இல்லை என்று என் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள்தான், தன் தங்கச்சி கல்யாணப் பேச்சு நடந்த அன்று, பத்துப் பேர் கூடியிருந்த அப்பா வீட்டு வாசலில் ஒரு காரியம் செய்தாள். மாமனார் சேந்தமங்கலத்து ஸ்டூடியோக்காரரை வரச் சொல்லலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இவள் மட்டும் எழுந்து, “எங்க ஊட்டுக்காரருதான் எடுப்பாரு. புதுக் கேமரா வருது” என்றாள்.

புதுக் கேமரா வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கையில் காபி டம்ளர் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்ததால் அதைக் குடித்தேன்.

மாமனார் மறுக்கவில்லை. மகள் சொன்னதை நாலு பேர் முன்னால் தள்ளிப் பேச வேண்டாம் என்று நினைத்திருப்பார். ஒரு கெடு மட்டும் வைத்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் கேமராவைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஸ்டூடியோக்காரருக்குப் போன் போய்விடும்.

அன்றே அவளும் நானும் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்றவைத்த பிறகுதான் சொன்னாள். “எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரீலீங்க. ஆனா அந்த ஊட்டுல எம்பேச்சு நிக்கோணும்.”

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, அப்போது நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சென்டர்கள் நிறைய வந்திருந்தன. அங்கே கேமராக் கடையில் கேட்ட விலைக்கு நான் கேமராவின் தோல் உறையைத்தான் வாங்க முடியும் போலிருந்தது. கடைக்கு எதிர்மாடியில் சென்டர் வைத்திருந்த அக்கா ஒருத்தர், இன்டர்நெட்டில் தள்ளுபடி விலைக்கு விற்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது, வடக்கிலிருந்து அனுப்புவார்கள் என்று திரையைத் திருப்பிக் காட்டினார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். பேசிக்கொண்டே இருப்பார், விரல் தன்பாட்டுக்கு ஓடும்.

திரையில் வெள்ளிக் கலரில், சோப்புக்கட்டி அளவில் ஒரு கேமரா இருந்தது. கீழே ஒரு விலை. அதன்மேல் குறுக்குக் கோடு. அதற்குக் கீழே பாதிக்கும் பக்கமாக இன்னொரு விலை. பள்ளிக்கூடத்தில் கோடு போட்டு அடித்திருந்தால் தப்பு என்று அர்த்தம். தப்பான விலையை ஏன் எனக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அது தப்பு இல்லை, தள்ளுபடி என்றார் அக்கா. மெமரி கார்டும் இலவசம் என்றார். இலவசம் என்றதும் எனக்குப் பயம் கொஞ்சம் கூடியது.

இருந்தாலும் சரி என்றேன். வேறு வழி இல்லை.

விலாசம் நிரப்பும் இடம் வந்தது. அக்கா கேட்கக் கேட்க நான் சொன்னேன், விரல் ஓடியது. பெயர் கேட்டார், யோசித்துச் சொன்னேன், இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒரு சந்தேகம். தெரு கேட்டார், எங்களுக்குத் தெரு கிடையாது, வேப்பமரத்துக்குப் பக்கம் என்று போடலாமா என்று கலந்து பேசினோம். பின்கோடு கேட்டார், பையிலிருந்து பழைய தபால் உறையை எடுத்துப் பார்த்து, ஒருதரம் சொல்லி, சந்தேகமாகி, மறுபடியும் பார்த்துச் சொன்னேன். மாவட்டம் கேட்டார். மாநிலம் கேட்டார். அப்புறம்,

“நாடு?” என்றார்.

“வாழவந்தி நாடுங்க” என்றேன்.

கொல்லிமலையில் இதற்கு யாரும் வேறு மாதிரி பதில் சொல்ல மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மலையில் இப்படிப் பல நாடு. பஸ்ஸில் உட்கார்ந்தால் முதலில் கேட்பதே எந்த நாடு என்றுதான். அந்தப் படிவத்தில் நான் யோசிக்காமல் பதில் சொன்ன ஒரே கேள்வி அது. அக்கா மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டுக்காரர், ஆனால் மலை விலாசங்களில் இந்த வார்த்தை வரும் என்று தெரியும். சொன்னதை அப்படியே அடித்தார். பணத்துக்குப் பேங்கில் டி.டி. எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு மலை ஏறினேன்.

அதன் பிறகு நான் கவலைப்பட்டவை என்னவென்றால், டி.டி. தொலைந்துபோகும். தபால் போய்ச் சேரும், கம்பெனி ஓடிப்போயிருக்கும். கம்பெனி இருக்கும், கேமராவுக்குப் பதிலாகச் சோப்பு அனுப்புவார்கள். படத்தில் பார்த்த அளவு எனக்கு நினைவில் இருந்தது. கேமராவே வரும், மழையில் நனையும். மழை இல்லாவிட்டால், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வரும் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி உள்ளே ஏதாவது கழன்றுவிடும். இந்தக் கடைசிக் கவலையை ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

“கேமரா வாந்தியெடுக்காதுங்க. நீங்க சாப்புடுங்க” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அவளும் எட்டிப் பார்த்தாள். கல்யாண வேலைக்கு அப்பா வீட்டுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. கேமரா வரவில்லை. “வந்ததும் எடுத்துட்டு நேரா அங்க வந்துருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வராவிட்டால் என்ன என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் நான் நாமக்கல் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். நாற்காலி போட்டால் நல்ல சேதி இல்லை. கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. இங்கிலீஷில் இருந்ததை முதலில் தனக்குள் ஒருமுறை படித்துக்கொண்டு, பிறகு சொன்னார்.

“ஏனுங்க, உங்க ஊரு இந்தியாவுல இல்லீங்களாம்.”

“எப்ப இருந்துங்க?” என்று கேட்டேன்.

“அது போடலீங்க. வெளிநாட்டுக்கு அவங்க அனுப்பறதில்லையாம். பணத்தைத் திருப்பித் தர்றாங்களாம்.”

நான் ஏதேதோ கவலைப்பட்டவன். இது மட்டும் என் கணக்கிலேயே இல்லை. அக்கா நான் கொடுத்த விலாசத்தைத் திரையில் எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டார். நாடு என்று கேட்டிருந்த கட்டத்தில் இந்தியா என்று இருக்க வேண்டிய இடத்தில் வாழவந்தி நாடு என்று இருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டோம். இந்தியில் பேசினார்கள், அக்கா இங்கிலீஷில் பேசினார், அங்கே தமிழ் தெரிந்த பெண் ஒன்றைத் தேடிப் பிடித்து லைனில் கொடுத்தார்கள். மெட்ராஸ் பெண் போலிருந்தது. விலாசதாரர்தான் பேச வேண்டும் என்றதும் அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

“சார், நீங்க எந்த கன்ட்ரி?”

“வாழவந்தி நாடுங்க.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். வாய்ப்பழக்கம், என்ன செய்வது.

“அது எங்க சார் இருக்கு?”

“கொல்லிமலைலீங்க. நாமக்கல் மாவட்டம். தமிழ்நாட்டுக்குள்ளதாங்க இருக்குது.”

“நாட்டுக்குள்ள நாடா சார்?”

“ஆமாங்க. இன்னும் இருக்குதுங்க. எங்க மாமனாரு ஆலத்தூர் நாடு.”

அந்தப் பெண் ஒரு மாதிரி மெதுவாக, பயந்த பிள்ளையிடம் கேட்பது போல, “சார், அங்க வர்றதுக்கு பாஸ்போர்ட் வேணுமா?” என்றது. வேண்டாங்க, காரவள்ளியிலிருந்து பஸ் இருக்குது என்றேன். சிரிக்கிற சத்தம் கேட்டது. பின்னால் யாரிடமோ இந்தியில் சொல்லிற்று, அவர்களும் சிரித்தார்கள். வடக்கே முன்பின் தெரியாத ஆபீஸில் எல்லோரும் என் விலாசத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கல்யாணத் தேதியைச் சொன்னேன். என் மனைவி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள் என்பதையும் சொன்னேன். அதை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு, பணம் இன்னும் திரும்பிப் போகவில்லை, இன்றைக்கே அனுப்பச் சொல்கிறேன் என்றது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம்வரை ஒரு தகவலும் இல்லை. நான் வீட்டுக்குள்ளும் வாசலுக்குமாக நடந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு அக்கா எங்கள் ஊர் டீக்கடை போனுக்குக் கூப்பிட்டார். பார்சல் வந்துவிட்டது, ஆனால் கூரியர்க்காரர் மலை ஏற மாட்டார், காரவள்ளியில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

மொபெட்டை எடுத்தேன். இறங்கும்போது ஒரு வளைவிலும் நான் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. காரவள்ளியில் கூரியர்க்காரர் வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றிருந்தார். பெட்டியை என்னிடம் நீட்டி, விலாசத்தைக் காட்டினார். அச்சடித்த விலாசத்துக்குக் கீழே யாரோ பேனாவால் பெரிய எழுத்தில் இந்தியா என்று இங்கிலீஷில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

“ஏனுங்க, இதுல ஏதும் சந்தேகம் இருந்துதுங்களா?” என்றார்.

“இருந்துதுங்க. தீந்துருச்சு” என்று கையெழுத்துப் போட்டேன்.

பெட்டியை ஆட்டிப் பார்த்தேன். சோப்பு போல இல்லை. திறந்து பார்க்க நேரம் இல்லை, திறந்தால் மூட மனசு வராது என்பதும் உண்டு. கடையில் பென்சில் பேட்டரி வாங்கிக்கொண்டேன். மொபெட்டில் எங்கே வைத்தாலும் குலுங்கும் போலிருந்தது. கடைசியில் சட்டைக்குள் விட்டு, துண்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். வளைவில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு வழிவிட்டு நின்றது.

ஆலத்தூர் நாட்டில் மாமனார் வீட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது மேற்கே தாழ்ந்திருந்தது. மாமனார் போனைக் கையில் வைத்துக்கொண்டு பாறைமேல் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே என் மனைவி பந்தல்காலைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். துண்டை அவிழ்த்தாள்.

பாறையிலிருந்து மாமனார் இறங்கி வருவதற்குள் சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி நின்றுகொண்டது. பெட்டியைப் பிரித்தேன். கேமராதான் இருந்தது. பேட்டரி போட்டுப் பொத்தானை அமுக்கியதும் சின்னதாகப் பாடியது, திரையில் வெளிச்சம் வந்தது, இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது. கீழே நீளமாக ஒரு பட்டியல். படம் எடுக்க விடவில்லை. எதை அமுக்கினாலும் அந்தக் கேள்விக்கே திரும்பி வந்தது. மைத்துனன் பத்தாவது படித்தவன், எழுத்துக்கூட்டிப் பார்த்தான்.

“என்னங்குது?” என்றார் மாமனார். போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“எந்த நாடுன்னு கேக்குதுங்கப்பா” என்றான் மைத்துனன்.

ஒருமுறை வாயைத் திறந்து பட்டது போதும். கேமராவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். என் மனைவியும் என்னைப் பார்த்தாள், அவளுக்குக் கம்பெனியோடு போனில் பேசிய விஷயம் தெரியாது, நான் ஏன் இந்த எளிய கேள்விக்கு விழிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. மாமனார் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“இதுல யோசிக்க என்ன இருக்குது மாப்ளை? ஆலத்தூர் நாடுன்னு போடுங்க. கண்ணாலம் இங்கதான நடக்குது?”

எல்லோரும் அதுதான் நியாயம் என்றார்கள். வாழவந்தி நாடு என்று போட்டுவிடப் போகிறேன் என்று நான் தயங்குவதாக அவர் நினைத்திருக்க வேண்டும். பட்டியலை மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டு போனேன். ஆலத்தூர் நாடும் இல்லை, வாழவந்தி நாடும் இல்லை. நாடு என்று கேட்டுவிட்டு ஊர்களாகத்தான் வைத்திருந்தார்கள், இந்தியாவுக்கு டெல்லி இருந்தது. அதை அமுக்கினேன். கேள்வி மறைந்து, திரையில் பந்தலும் வாழைமரமும் தெரிந்தன.

“போட்டாச்சுங்களா?”

“போட்டாச்சுங்க மாமா.”

அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை உதறி நேராகப் போட்டுக்கொண்டு, பந்தல்காலுக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றார். நான் நாலடி பின்னால் போனேன். போதாது என்று இன்னும் நாலடி போனேன். எடுத்தேன். என் மனைவி என் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தாள்.

“தலை இருக்குதா கண்ணு?” என்று அவளிடம் கேட்டார் மாமனார்.

“இருக்குதுங்கப்பா” என்றாள். “காலுதான் இல்லை.”