ஐயாவுக்குப் போட்ட முறை

எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம். இப்படியான நினைவு மலர்களில் இறந்தவரை எப்போதும் புன்னகை மாறாதவர், பகைவரே இல்லாதவர் என்று எழுதுவார்கள். எங்கள் ஐயா அப்படிப்பட்டவர் அல்லர். அவர் சிரித்து நான் கண்டது குறைவு. அவரோடு சண்டை பிடிக்காத வயல்காரர் எங்கள் வாய்க்காலில் ஒருவர்கூட இல்லை. மூத்த மகளான நான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வாசிக்கிற சிலருக்குக் கோபம் வரும். எனக்கும் கோபம் இருக்கிறது.

ஐயா தீவுப்பகுதியில் பிறந்தவர். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நடக்க வேண்டிய ஊர். வன்னியில் குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மீசை அரும்புகிற வயதில் தன் தகப்பனாரோடு ஸ்கந்தபுரம் வந்தார். இருவரும் காடு வெட்டினார்கள். தகப்பனார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சொந்தக்காரர் திரும்பி வரச் சொன்னார்கள். ஐயா போகவில்லை. வெட்டிய காட்டை வயலாக்கினார், அம்மாவைக் கைப்பிடித்தார், என்னையும் தம்பியையும் வளர்த்தார்.

மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் காணாது. முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். எங்கள் வாய்க்காலில் அந்த முறையைப் பார்த்தவர் ஐயா. அவருடைய சட்டம் கடுமையானது. முறை முடிந்தவர், அடுத்தவர் வந்து வரம்பில் நிற்கும்வரை இடத்தை விட்டு அசையக்கூடாது. எங்கே தண்ணீர் ஏறியது, எங்கே வரம்பு கசிகிறது என்று வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். தன் வயல் பாதியில் நின்றாலும் நேரம் முடிந்தால் அடைத்துவிடுவார். என் கலியாணத்தன்று மணவறைக்குப் பக்கத்தில் நின்ற மனிதரைத் தாலி கட்டி முடிந்ததும் காணவில்லை. வாய்க்கால் கதவு பூட்டப் போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

போர்க்கால இடம்பெயர்வைப் பற்றி இங்கே எழுதவில்லை. இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அதே ரோட்டில் எங்களோடு நடந்தவர்கள். வவுனியா முகாமில் ஐயா இருந்தார், திரும்பி வந்தார், கூரை இல்லாத வீட்டுக்குத் தகரம் போட்டார், மறுபடியும் விதைத்தார். சில காலத்தில் அம்மாவும் போய்விட்டா. நான் வவுனியாவில் கணவரோடு மா அரைக்கிற மில் நடத்துகிறேன். தம்பி கனடாவில். ஐயா தனியே இருந்தார்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

தம்பி ஒருமுறை வந்தபோது வீட்டுக்குள் இரண்டு கமரா பூட்டினான். மேசையில் கதைக்கிற பெட்டி ஒன்றும் வைத்தான். அது இந்தியத் தமிழில், நல்ல இனிய பெண் குரலில், காலையும் மத்தியானமும் மாலையும் "ஐயா, நல்லா இருக்கீங்களா? உங்களுக்கு உதவி தேவையா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் தம்பிக்கும் எனக்கும் அழைப்பு வரும். யாராவது விழுகிற சத்தம் வந்தாலும் உடனே அதே கேள்வியைக் கேட்குமாம். சொந்தக்காரர் எல்லோரும் வந்து பார்த்து வியந்தார்கள். பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்கள். வியந்து முடித்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஐயாவைப் பார்க்க வருவது குறைந்துபோனது. கமராவில்தான் எல்லாம் தெரிகிறதே.

தம்பி எனக்குப் போன் எடுப்பான்.

"அக்கா, ஐயா மத்தியானம் சாப்பிடேல்லை. கமராவில பாத்தனான்."

"பாத்தனியெல்லோ? அப்ப நீயே போய்ப் போட்டுக் குடு."

ஐயாவுக்கோ வேறு கவலை. "நான் கோவணத்தோட நிண்டாலும் கனடாவில தெரியுதாம்" என்று சொல்லி, இரண்டு கமராவுக்கும் மேலே துவாயைப் போட்டு மூடிவிட்டார்.

ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும், குசினி வாசலில் ஐயா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. எழும்ப முடியவில்லை. பெட்டிக்கு விழுந்த சத்தம் கேட்டது. அது ஒழுங்காகத்தான் கேட்டது: "உங்களுக்கு உதவி தேவையா?"

ஐயா என்ன சொல்லுவார்? எங்கள் ஊரில் பிறந்த எவர் ஆமாம் என்று சொல்லுவார்? "ஓம்" என்றார்.

பெட்டி, "சரி, ஓம் மந்திரம் ஒலிக்கிறது" என்று சொல்லி மந்திரத்தைப் போட்டுவிட்டது.

"ஓம் பிள்ளை, ஓம், ஓம்" என்று ஐயா கத்தினார். பெட்டி சத்தத்தைக் கூட்டியது.

பக்கத்து வளவு மாமி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவா. வழக்கமாக அந்த நேரம் வேலிக்குக் கிட்ட வந்து ஐயாவோடு இரண்டு வார்த்தை கதைப்பா. அன்றைக்கு மந்திரம் கேட்டதால், ஐயா பூசையில் இருக்கிறார், குழப்பக் கூடாது என்று திரும்பிவிட்டா. சமைக்கப் போனா. சோறு வடித்தா. மந்திரம் நிற்கவில்லை. அப்போதுதான் மாமிக்குப் பொறி தட்டியது, ஓடிவந்து பார்த்தா. பிறகு ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் சொன்னா:

"உந்த மனுசன் திருவிழாவிலயே அரை மணித்தியாலம் நிக்கமாட்டார், பிள்ளை. இப்பிடி மணித்தியாலக்கணக்கில சாமி கும்பிடுறார் எண்டா ஏதோ பிழை எண்டு நினைச்சன்."

ஐயா காப்பாற்றப்பட்டது அப்படித்தான். அவருக்குப் பக்தி குறைவு என்பது மாமிக்குத் தெரிந்திருந்தது. பெட்டிக்குத் தெரியவில்லை.

இனி நடக்கமாட்டார், எந்த நேரமும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். தம்பி போனில் அழுதான். அழுது முடித்துவிட்டுச் சொன்னதைக் கேளுங்கள்.

"அக்கா, கொம்பனிக்கு எழுதிப் போட்டன். ஓம் எண்டுறதைச் சேர்க்கக் காலம் எடுக்குமாம். அதுவரைக்கும் ஐயாவுக்கு ஆமாம் எண்டு சொல்லப் பழக்குங்கோ."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஐயா கட்டிலில் கிடந்தபடியே சொன்னார்:

"நான் ஒருத்தருக்கும் ஆமாம் போட்டு வாழேல்லை. உந்தப் பெட்டிக்கோ போடப்போறன்?"

சரி, அப்படியென்றால் வவுனியாவில் நல்ல முதியோர் இல்லம் ஒன்றைப் பார்ப்போம் என்றான் தம்பி. இல்லம் வேண்டாம், என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன் நான். ஐயா இரண்டுக்கும் மறுத்தார். "வவுனியாவில நான் முகாமில இருந்தது காணும். சாகிறதெண்டா என்ர வளவில சாகிறன்." அதற்கு மேல் அவரோடு கதைக்க ஏலாது. நான் மில்லையும் பிள்ளைகளையும் விட்டு எத்தனை நாள் ஸ்கந்தபுரத்தில் நிற்பது? ஐயாவைத் தனியே விடுவதா, அவர் வெறுக்கிற இடத்துக்குக் கட்டி இழுத்துப் போவதா என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன்.

வழி சொன்னவர் வாய்க்கால் அண்ணை. ஐயாவுக்குப் பிறகு எங்கள் வாய்க்காலைப் பார்க்கிறவர். இளம் வயதில் ஐயாவிடம் அதிகம் ஏச்சு வாங்கியவரும் அவர்தான். ஐயாவைப் பார்க்க வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு சொன்னார்:

"தங்கச்சி, இதுக்கேன் யோசிக்கிறியள்? முறை போடுவம்."

"நான் என்ன வயலோ?" என்றார் ஐயா.

"வயல் எண்டா பேசாமல் கிடக்கும். நீங்கள் அப்பிடியோ?"

ஐயா சிரித்ததை அன்றைக்குத்தான் கனகாலத்துக்குப் பிறகு கண்டேன்.

தண்ணீருக்கு இருந்த அதே சட்டம் ஐயாவுக்கும் வந்தது. வாய்க்காலில் உள்ள வீடுகளுக்கு முறை பிரிக்கப்பட்டது. தூக்கிக் குளிப்பாட்ட ஆண்கள், மற்ற வேலைகளுக்கு இருபாலாரும். வெள்ளி பின்னேரம் தொடங்கிச் சனி மாலைவரை என் முறை. அடுத்தவர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காமல் ஒருவரும் போகக்கூடாது. போகிறவர், வருகிறவருக்கு வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் வாய்க்கால் அண்ணை மாமியிடம் ஒப்படைத்தது என் காதில் இன்னும் நிற்கிறது:

"கஞ்சி அரைக் கோப்பைதான் குடிச்சவர். முதுகில வலப்பக்கம் சிவந்திருக்கு, இடப்பக்கம் திருப்பி விடுங்கோ. என்னை மூண்டு தரம் பேசினவர். ஆள் நல்லாத்தான் இருக்கிறார்."

ஐயா ஒன்றையும் விடமாட்டார். யாராவது பிந்தினால் கட்டிலில் கிடந்தபடியே தொடங்குவார்: "தண்ணி முறையில பிந்தினா பயிர் வாடும். என்ர முறையில பிந்தினா நான் வாடுவன். விளங்குதோ?"

இந்தச் செய்தி பரவியதும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள். இது புதுமையான முன்மாதிரித் திட்டமாம். பதாகை கட்டிப் படம் எடுக்க வேண்டுமாம். முதியவர்களோடு உரையாடுவது எப்படி என்று எங்களுக்கு ஒரு பயிற்சி வைக்கப் போகிறார்களாம். மாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டா: "எங்களுக்கோ கதைக்கப் பழக்கப்போறியள்?" சும்மா வந்திருக்கிறீர்களே, ஐயாவைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு கை கொடுங்கள் என்றேன். ஒருவருக்கும் பிடிக்கத் தெரியவில்லை. பிறகு வரவில்லை.

தம்பி உறவினர்களின் வட்ஸ்அப் குழுவில், ஐயாவுக்கு நல்ல ஏற்பாடு செய்துவிட்டோம் என்று எழுதினான். செய்துவிட்டோமாம்! எனக்குக் கோபம் ஏறியது. உடனே அவனுக்குப் போன் எடுத்தேன்.

"ஞாயிறு காலமை உன்ர முறை."

"அக்கா, நான் இங்க இருந்து எப்பிடி..."

"வாய் இருக்கெல்லோ? வந்து கதை. மற்ற வேலையை மாமி பாப்பா. அடுத்த ஆள் வரும்வரை போனை வைக்கக்கூடாது. சட்டம் உனக்கும் ஒண்டுதான்."

முதல் ஞாயிறே பிந்தினான், நன்றாக ஏச்சு வாங்கினான். ஐந்து நிமிடத்தில் கதையும் முடிந்துபோனது. "வேற என்ன ஐயா?" என்றான். "வேற என்னவோ? அடுத்த ஆள் இன்னும் வரேல்லை, கதை" என்றார் ஐயா. வேறு வழியில்லாமல் தம்பி தன் வேலையைப் பற்றிச் சொன்னான். பெரிய களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குகிறானாம். முழு நேரமும் நின்றுகொண்டுதானாம். கதிரையில் இருந்து செய்கிற கந்தோர் வேலை என்றுதான் நாங்கள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். ஐயா கேட்டார்: "நிண்டுகொண்டோ? கால் நோகேல்லையோ?" அந்தப் பக்கம் சத்தம் இல்லை. போனை வைத்துவிட்டான் என்று மாமி நினைத்தாவாம். வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் பிந்தவில்லை. கமராவையும் கதைக்கிற பெட்டியையும் பற்றி அவனும் கதைக்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை. தொலைவில் இருப்பவனுக்கு முதலே இதைச் சொல்லிக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ஒரு சாதாரண போன்தான். முதலே வீட்டில் கிடந்ததுதான்.

ஐயா ஒரு சனிக்கிழமை மாலை காலமானார். நான் மாமியிடம் ஒப்படைத்துவிட்டு வவுனியா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மாமி கஞ்சி பருக்கினாவாம். உப்பில்லை என்றாராம். மாமி உப்பு எடுத்துவரக் குசினிக்குப் போய்த் திரும்பியபோது மூச்சு நின்றிருந்தது. வலியில்லாமல் போனார். ஆளில்லாத வீட்டில் கிடந்து போகவில்லை.

தம்பிக்கு உடனே அறிவித்தோம். பிள்ளை வரும்வரை உடலை வைத்திருக்க வேண்டாம் என்று ஐயா முன்பே சொல்லி வைத்திருந்தார். அடுத்த நாள் காலை வீடு நிறையச் சனம். அவனுடைய நேரத்துக்குப் போன் அடித்தது. மாமி அதை எடுத்து ஐயாவின் தலைமாட்டில் வைத்தா. தம்பி ஐயாவோடு கதைத்தான். என்ன கதைத்தான் என்று எழுதமாட்டேன். உடலை எடுக்கும்வரை போனை அவன் வைக்கவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லுகிறேன். பக்கத்து வளவு மாமிக்கு, வாய்க்கால் அண்ணைக்கு, முறைக்கு வந்து ஐயாவிடம் ஏச்சு வாங்கிய எல்லா வீட்டாருக்கும், என்னை ஸ்கந்தபுரம் அனுப்பிவிட்டு மில்லைத் தனியே பார்த்த என் கணவருக்கு. மலர்வளையம் அனுப்பியவர்களுக்கும் நன்றி. ஐயா உயிரோடு இருந்தபோது ஒரு தடவை எடுத்துக் கதைத்திருந்தால் அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் வாய்க்காலின் கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா தனியே இருக்கிறா. கண் தெரிவது குறைந்துவிட்டது. அவவின் பிள்ளைகளான நீங்களும் இந்த மலரை வாசிப்பீர்கள். போன கிழமை தொடக்கம் அவவுக்கும் முறை போட்டிருக்கிறோம். நேரே வரமுடியாதவர்கள் போனில் வரலாம். புதன்கிழமைக்கு இன்னும் ஆள் இல்லை.