ஸ்வின்கோலோவில் நின்ற சனிக்கிழமை

பேஸ்போல் விளையாட்டு எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. உப்புக் குப்பியையும் தேநீர்க் கோப்பைகளையும் மேசையின் மூலைகளில் வைத்து என் கணவர் எத்தனையோ தரம் விளங்கப்படுத்தினார். நான் கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஆனால் மாரியில் மைதானம் பூட்டிக் கிடக்கும்போது, கழகங்கள் ஆளுக்கு ஆள் மாற்றுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதில் வயிறு எரிந்தவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இத்தாலியில், பலெர்மோவின் ஒரேத்தோத் தெருப் பக்கம் இருந்தோம். நான் ஒரு சின்யோராவின், ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. என் கணவர் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் கிழவரை மைதான ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனபோது ஒரு பந்து காலடிக்கு உருண்டு வந்திருக்கிறது. எடுத்து எறிந்தார். அது மைதானத்தின் மறுகரையில் நின்றவனின் கையுறைக்குள் நேரே போய் விழுந்ததாம். ஊரில் தீவுப் பக்கத்தில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்த கை அல்லவா? அடுத்த கிழமையே கழகத் தலைவர் அவரைப் பிடித்துப் பெயர் பதிந்துவிட்டார். சம்பளம் இல்லை. ஒரு சட்டை, ஒரு தொப்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு. "கண்டறியாத பேஸ்போல்!" என்று நான் ஏசாத ஞாயிறு இல்லை.

அந்த வருடம் இலையுதிர்காலத்தில் கிழவர் செத்துப்போனார். நல்ல மனுசன், ஆனால் சாகும்போது எங்கள் வாழ்க்கையையும் கொண்டு போய்விட்டார். என் கணவரின் பெர்மெஸ்ஸோ அந்த வேலையைக் காட்டி எடுத்தது. நாட்டில் இருக்கத் தரும் அந்த அனுமதியைப் புதுப்பிக்க, பதிந்த வேலை ஒன்று வேண்டும். பலெர்மோவில் வேலை தந்தவர்கள் எல்லோரும் பதியாமல்தான் தந்தார்கள். மாரி பிறந்தது. பெர்மெஸ்ஸோ முடிகிற நாள் கிட்டக் கிட்ட வந்தது. ஊருக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே சண்டை. மடு மாதாவே என்று நான் கும்பிடாத கோயில் இல்லை.

அந்த நேரத்தில்தான் வடக்கே ஒரு சின்ன ஊர்க் கழகத்தின் மேலாளர் என் கணவரைத் தங்களுக்கு விளையாட வரக் கேட்டார். கோடையில் இவர் எறிந்ததைப் பார்த்திருக்கிறார். மைதானக் காவல் வேலை, பதிந்து தருவார். படுக்க ஓர் அறை. எனக்குச் சின்யோராவின் வீட்டை விட வழியில்லை, என் பெர்மெஸ்ஸோவும் அவ தந்த வேலையைக் காட்டி எடுத்ததுதான். ஆனாலும் போகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்.

"அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாப் போகப்போகுது," என்று பகிடி விட்டார் அவர்.

"பகிடிக்கு நேரமில்லை. பெர்மெஸ்ஸோ இல்லாட்டி அரசனும் இல்லை, புருசனும் இல்லை," என்றேன்.

ஆனால் ஒரு கழகத்தில் பதிந்தவர், அந்தக் கழகம் விட்டாலொழிய வேறிடத்தில் விளையாட முடியாது. எங்கள் தலைவர் சும்மா விடுகிற ஆளா? நல்ல பந்து பிடிகாரன் ஒருவனைத் தந்தால் இவரைத் தருகிறேன் என்றார். எனக்குப் பற்றி எரிந்தது.

"மனுசனைக் குடுத்து மனுசனை வாங்கிறதோ? சந்தையில மாடே மாத்தினம்?"

"மெல்லக் கதையுமப்பா. உதுதான் இவையின்ரை வழக்கம்," என்றார் கணவர்.

இழுபட்டு இழுபட்டு, வடக்கத்தைக் கழகம் ஒருவனைத் தரச் சம்மதித்து, பெர்மெஸ்ஸோ முடிய ஒரு கிழமை இருக்கையில், வெள்ளிக்கிழமை தலைவர் போன் எடுத்தார். கணவர்தான் கதைத்தார். முகம் மலர்ந்து வந்து சொன்னார்.

"நாளைக்கு நாலு மணிக்கு ஸ்வின்கோலோவாம். வடக்கத்தைக் கழக மேலாளரும் வாறாராம். வந்து கையெழுத்து வைக்கட்டாம்."

ஸ்வின்கோலோ என்றால் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். ஒரேத்தோத் தெரு முடிகிற இடத்தில், நெடுஞ்சாலை நகரத்துக்குள் இறங்கும் சந்தி. விடியற்காலையில் வேலைக்கு ஆள் ஏற்றும் வான்கள் நிற்பது அங்கேதான். எங்கள் சனம் முழுக்க அந்தச் சொல்லைப் படித்தது அந்தத் தெருவோரத்தில்தான்.

சனிக்கிழமை இரண்டு பேரும் போய் நின்றோம். குளிர்காற்று. கார்கள் சேற்றுத் தண்ணீரை எங்கள் மேல் அடித்துவிட்டுப் போயின. நாலு மணி போனது. ஐந்தும் போனது. வெளிச்சம் மங்கியது. ஒவ்வொரு கார் மெதுவாகும்போதும் அவர் கையைத் தூக்கினார்.

"உவர் ஏமாத்திப் போட்டார். கோதாரி விழுந்த றோட்டில நிக்க வைச்சிட்டு உவர் வீட்டில கோப்பி குடிக்கிறார்," என்று நான் கத்தினேன்.

"அப்பிடிச் செய்யமாட்டார். கொஞ்சம் பொறும்," என்றார். பொறுமையாம் பொறுமை!

பக்கத்துக் கோப்பி பாருக்கு ஓடி, சின்யோராவுக்குப் போன் எடுத்து அழுதேன். தலைவர் சொன்ன சொல் என்ன என்று அவ திருப்பிக் கேட்டா. பிறகு, "ஐயோ மகளே, விளையாட்டுக்காரருக்கு ஸ்வின்கோலோ என்றால் ரோடு இல்லை. கழகம் எழுதித் தருகிற விடுதலைக் கடிதம். அதற்காகத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள்," என்றா.

கடலில் போட்டுவிட்டுக் கிணற்றில் தேடியிருக்கிறோம். கழக அறை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின் தெருவில் இருந்தது. பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போனது. இறங்கித் தள்ளலாமோ என்றிருந்தது எனக்கு.

அறையில் தலைவர் தனியே இருந்தார். வடக்கத்தைக் கழக மேலாளர் காத்திருந்து பார்த்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாராம். எங்களைக் கண்டதும் தலைவர் எழுந்து ஓடி வந்து என் கணவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும்! அவனுக்கும் சொன்னேன், இவன் எங்கள் ஆள், எங்களை விட்டுப் போகமாட்டான் என்று."

அவர் கண்ணில் தண்ணீர். அவருடைய தோளில் முகம் நசிந்தபடி என் கணவர் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மற்றவர் மனம் நோகக்கூடாது என்று எதையும் விழுங்கிவிடும் சிரிப்பு. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் நன்றியும் சொல்லிவிடுவார்.

எனக்குத் தெரிந்த இத்தாலியனில் நான் வெடித்தேன்.

"இவர் வராமல் விட்டது உங்கள் மேல் உள்ள அன்பினால் இல்லை. உங்கள் சொல் எங்களுக்கு விளங்கவில்லை. ஸ்வின்கோலோ என்றீர்கள், ரோட்டில் போய் நின்றோம். பெர்மெஸ்ஸோ முடிகிறது. அந்த வேலை இல்லாவிட்டால் இவரை அனுப்பிவிடுவார்கள். பிறகு இவர் உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

தலைவர் கையை எடுத்தார். எங்கள் நனைந்த காலணிகளைப் பார்த்தார். "பெர்மெஸ்ஸோவா?" என்று மட்டும் கேட்டார். இவ்வளவு காலம் பழகிய மனிதர், அதைப் பற்றி அவரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கணவர் கேட்கக் கூச்சப்பட்டார். நான் தலைவரை மனதுக்குள் ஏசுவதோடு நின்றேன். அவர் கடிதத்தை எடுத்து, நின்ற நிலையிலேயே கையெழுத்து வைத்தார்.

"ரயில் இன்னும் போகவில்லை. ஓடுங்கள்!"

ஓடினோம். என் கணவர் முன்னே, நான் மூச்சிரைக்கப் பின்னே. மேலாளர் ரயில் பெட்டியின் படியில் ஒரு கால் வைத்திருந்தார். அவருடைய சூட்கேஸின் மேல் கடிதத்தை வைத்து என் கணவர் கையெழுத்திட்டார். எனக்கு உயிர் வந்தது.

"நல்லது. திங்கள் காலை எங்கள் ஊர் கொஸ்தூராவில் நிற்க வேண்டும். ஏறு," என்றார் மேலாளர்.

இப்போதே என்று நாங்கள் நினைக்கவில்லை. நாலு நாளாவது இருக்கும், சட்டைகள் மடிக்கலாம், மிளகாய்த்தூள் வறுத்துக் கட்டிக் கொடுக்கலாம் என்றிருந்தேன். கொஸ்தூரா, அதுதான் பெர்மெஸ்ஸோ தரும் பொலிஸ் கந்தோர், எங்களுக்காகக் காத்திருக்குமா? பாஸ்போர்ட் என் கணவரின் சட்டைப் பையில் எப்போதும் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"நீர் தனிய இருப்பீரோ?" என்று கேட்டார்.

"உங்களுக்கென்ன விசரே? ஏறுங்கோ!"

சிரித்துக்கொண்டு ஏறினார். கதவு மூடிக்கொண்டது.

பெர்மெஸ்ஸோ கிடைத்தது. பத்து மாதம் கழித்துத்தான் ஆளைக் கண்டேன். ஆனால் அதற்கு முதல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு வெள்ளைக்காரன், கையில் தோடம்பழப் பெட்டி. தலைவர் கொடுத்துவிட்டாராம். யார் என்று கேட்டேன். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான்.

"உங்கள் கணவருக்குப் பதிலாக வந்தவன் நான், சின்யோரா."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றான். சோறும் மீன்குழம்பும் போட்டேன். உறைப்பில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி முழுவதையும் சாப்பிட்டான். அவனைப் படி வரை அனுப்பிவிட்டு வந்து, கதவைப் பூட்டிவிட்டு, வாய்விட்டு அழுதேன்.