குண்டலுபேட்டையில் சொல்லாமல் விட்டது

மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறிய மறுவருஷம், ஆடி மாதத்தில், மைசூர் நகரத்து யாதவகிரியில் குடியிருந்த பாலசந்திரனின் மனைவி திரிபுரசுந்தரி இறந்துபோனாள். மூன்று நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே முடிந்துவிட்டது. பாலசந்திரன் ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். குழந்தைகள் இல்லை. காரியங்கள் முடிந்து, உறவுக்காரர்களை மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தவர் சமையலறையில் போய் நின்றார். அலமாரி நிறைய ஜாடிகள். இஞ்சி போட்ட தேன், ரோஜா இதழ் போட்ட தேன், போன சீசன் நெல்லிக்காய் ஊறிய தேன். எல்லாம் சுந்தரி போட்டது.

தன் இருமலுக்கென்றுதான் அவள் முதலில் இஞ்சித் தேன் போட்டாள். பக்கத்து வீடுகளில் கேட்டார்கள். பிறகு மண்டி மொஹல்லாவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த பசவராஜ் பாட்டில் பாட்டிலாக வாங்கிக்கொண்டார். ஒன்பது வருஷம் அப்படி நடந்தது. பாலசந்திரனுக்கு அதில் இரண்டே வேலை. மாதம் ஒருமுறை அவளோடு குண்டலுபேட்டைக்கு பஸ்ஸில் போய்த் தேன் டின்னைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். விலாசம் எழுதிய லேபிளை பாட்டிலில் ஒட்ட வேண்டும்.

ஒரு மாதம் கழித்து பசவராஜ் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரித்துவிட்டுக் கேட்டார்.

"சார், இனிமே பாட்டில் வருமா? கடையில கேக்கறாங்க."

"வரும்" என்றார் பாலசந்திரன். வராது என்று சொன்னால் மேலே ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

ஜாடிகளில் இருந்ததை பாட்டிலில் அடைத்துக் கொடுத்து முடிந்ததும் தனியாக குண்டலுபேட்டைக்குப் போனார். மலையில் எடுத்த தேனை வாங்கி வடிகட்டி விற்கும் சித்தையன், ஹனூர் பக்கத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரின் பின்னால் யாரையோ தேடினார்.

"ஏனுங்க சாமி, அம்மா வரலீங்களா?"

"வீட்டுல இருக்கா."

"மேலுக்குச் சொகமில்லீங்களா?"

"முழங்கால் வலி."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல அவர் சொன்னார். பொய் என்றுகூட உறைக்கவில்லை. சித்தையனின் மனைவி சாமியாத்தாள் உள்ளே போய்த் தேனடையில் ஒரு துண்டு வெட்டி, தேக்கிலையில் கட்டி எடுத்துவந்தாள். சுந்தரிக்கு அதை மெல்லப் பிடிக்கும்.

"அம்மாகிட்டக் குடுங்க. அடுத்த மாசம் காலுக்கு எண்ணெய் காய்ச்சி வெக்கிறேன்."

அவர் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஒரு பித்தளைப் பாத்திரத்தில் வைத்து மூடினார். அடுத்த மாதம் ஓர் அடை, ஒரு சீசா எண்ணெய். அதற்கடுத்த மாதமும் அப்படியே. "வலி தேவலைங்களா?" என்று சாமியாத்தாள் கேட்பாள். "பரவாயில்லை" என்பார். பாத்திரத்தில் எறும்பு ஏறியபோது, அதைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே வைத்தார். எறிய வேண்டும் என்றும் தோன்றவில்லை, சாப்பிட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கார்த்திகையில் நெல்லிக்காய் வந்தது. சுந்தரி செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் காயை முள்கரண்டியால் குத்தி, ஆவியில் வேகவைத்து, சூட்டோடு தேனில் போட்டார். பத்தாம் நாள் பசவராஜ் ஒரு கூடையோடு வந்தார். கடையில் தக்கைகள் ஒவ்வொன்றாகத் தெறித்து நுரை வழிந்திருந்தது.

"அம்மா ரெண்டு நாள் நிழல்ல உலர்த்திட்டுத்தான் போடுவாங்க சார். ஈரம் இருந்தா பொங்கிடும்."

"ஓ" என்று சொல்லி பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்தார். அடுத்த தடவை இரண்டு நாள் உலர்த்தினார். சரியாக வந்தது. அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது என்று வாங்கினவர்கள் சொன்னதாக பசவராஜ் சொன்னார். அதற்கும் "சரி" என்றார்.

தை மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கண் காட்ட மைசூருக்கு வந்த சாமியாத்தாள், சுந்தரி எப்போதோ கொடுத்திருந்த பாட்டிலின் லேபிளைக் காட்டி வழி கேட்டு, வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் எண்ணெய் சீசா. "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து நின்றாள்.

"சாமி, இது எப்பங்க?"

"ஆடியில."

அவள் விரல் விட்டு எண்ணினாள். முகம் சிவந்துவிட்டது.

"மாசா மாசம் எண்ணெய் காய்ச்சிக் குடுத்தேனே. வாங்கிட்டு வந்தீங்களே, மனுசரா நீங்க? அந்தம்மாவுக்கு அழுகக்கூட எங்களை வுடலையே!"

படத்துக்குக் கீழே உட்கார்ந்து, வாய்விட்டு, பேர் சொல்லி அழுதாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பாலசந்திரன் பக்கத்தில் நின்றார். தகனத்தன்றும் அவர் அழவில்லை. இப்போதும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. உள்ளே போய் அடுப்பில் பால் வைத்தார். அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு அணைத்தார். காப்பி கலந்து கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

வெகுநேரம் கழித்து, "ஏனுங்க சொல்லல?" என்றாள்.

"நீங்க கேட்டீங்க. வாயில அப்படி வந்துடுத்து." காப்பியை அவள் பக்கம் நகர்த்தினார். "அப்புறம், அங்க வந்தா அவ இங்க வீட்டுல இருக்கற மாதிரி இருந்தது. பஸ்ல திரும்பி வர வரைக்கும் இருக்கும்."

சாமியாத்தாள் ஆறிப்போன காப்பியைக் குடித்தாள். தம்ளரைக் கழுவ உள்ளே போனவள் கண்ணில் பித்தளைப் பாத்திரம் பட்டது. திறந்து பார்த்தாள். பழைய அடைகளைக் காகிதத்தில் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தாள். அவர் பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே நடந்துபோய் ஏற்றிவிட்டார்.

அடுத்த மாதம் குண்டலுபேட்டையில் சித்தையன் எதுவும் விசாரிக்கவில்லை. "சாப்பிட்டுட்டுப் போங்க சாமி" என்றார். களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். பாலசந்திரன் சாப்பிட்டார். ருசி என்ன என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் இரண்டாம் தரம் குழம்பு வாங்கிக்கொண்டார்.

அதன்பின் ஏழு வருஷம் அவர் பாட்டில் போட்டார். இரண்டாவது வருஷம் குடகு ஆரஞ்சுத் தோலை மெல்லிசாகச் சீவி, உலர்த்தித் தேனில் ஊறவைத்தார். பசவராஜ் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது அம்மா போட்டதில்லையே?"

"இல்லை. நான் போட்டது."

"லேசா கசக்குது சார்."

"ஆமாம்."

அது சுமாராகத்தான் விற்றது. ஆனாலும் வருஷா வருஷம் ஆரஞ்சு வரும்போது அதைப் போட்டார்.