குடி வேறு, அடி வேறு

மோதி நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறை அவனுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவன் சம்மட்டி. அந்தக் கை விழுந்தால் எப்படிப்பட்ட தகரமும் சொன்னபடி கேட்கும். மனிதர்கள் மேல் விழுந்தாலும் அப்படித்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே குடிக்க ஆரம்பிப்பான். பொழுது சாய்ந்தால் எதிரே நிற்பது யார், எவர் என்று பார்க்க மாட்டான். பக்கத்துப் பட்டறைக்காரனின் பல்லைப் பெயர்த்திருக்கிறான். மனைவியின் மணிக்கட்டை முறுக்கி ஒடித்துவிட்டு, மறுநாள் மாவுக்கட்டுப் போட அவனே கூட்டிப்போயிருக்கிறான். "நானா செஞ்சேன்? உள்ள போன சரக்கு செஞ்சுது" என்பான். அதற்கு மேல் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

தம்பியும் அதே பட்டறையில்தான் வேலை செய்தான். ஒருநாள் ஒரு கார் கதவை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன், "அண்ணே, உன் கை நடுங்குது. விடு, நான் தட்டிக்கிறேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

"எனக்கே தொழில் சொல்லிக் குடுக்கிறியா?"

தகரத்தில் விழவேண்டிய சுத்தியல் தம்பியின் கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் கூழாகிவிட்டன. தம்பி தன் கையை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு எண்ணெய்த் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தம்பி போலீசுக்குப் போகவில்லை. ஆனால் சம்மட்டியின் மனைவி இந்த முறை அழவில்லை. "குடியைக் குறைங்க. இல்லன்னா நானும் பொண்ணும் எங்க அக்கா வீட்டுக்குப் போறோம். கெஞ்சுறதெல்லாம் முடிஞ்சுது" என்றாள்.

மகளுக்கு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. குடியைக் குறைக்க உதவும் ஆன்லைன் திட்டம் ஒன்றை அவள்தான் அப்பாவின் போனில் போட்டுக்கொடுத்தாள். இன்றைக்கு எவ்வளவு குடித்தீர்கள், யாரோடு, எந்தக் கோபத்தில் என்று தினமும் அது கேட்கும். வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருத்தி திரையில் வந்து பேசுவாள்.

"அடிச்சுத் திருத்த முடியாதவனை போன் திருத்திடுமா?" என்று சம்மட்டி சிரித்தான். ஆலோசகருக்கு டீச்சரம்மா என்று பட்டம் வைத்தான். கேட்டதற்கெல்லாம் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னான்.

டீச்சரம்மா அசரவில்லை. "பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் குறையப் போறதில்லைங்க. ஆனா இதை மட்டும் காதுல போட்டுக்கங்க. உங்க உடம்பு குடிக்குப் பழகிடுச்சு. திடீர்னு நிறுத்தாதீங்க, உயிருக்கே ஆபத்து. டாக்டரைப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

கொஞ்சம் கொஞ்சமாக என்ற சொல் அவனுக்கு முள்ளாகத் தைத்தது. எதையும் ஒரே அடியில் முடித்துப் பழகியவன். "பொம்பளை சொல்லி அளந்து குடிக்கணுமா? இதோ பாரு, இன்னியோட விட்டேன்" என்று இருந்த பாட்டில்களை வாசலில் போட்டு உடைத்தான். வீட்டில் உள்ளவர்களுக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

மறுநாள் வியர்த்துக் கொட்டியது. ஒரு டம்ளர் தண்ணீரை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. அதற்கடுத்த நாள் பட்டப்பகலில், சுவரைப் பிளந்துகொண்டு முகமில்லாத ஆட்கள் உள்ளே வருவதைக் கண்டான். கடப்பாரையை எடுத்தான். டிவி போயிற்று. பீரோ கண்ணாடி போயிற்று. மனைவியும் மகளும் குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டார்கள். அந்த ஆட்கள் அங்கே ஒளிந்திருப்பதாக நினைத்துக் கதவை இடித்தான். மூன்றாவது இடியில் பலகை பிளந்து, கடப்பாரையின் முனை மகளின் காதோரம் உரசிக்கொண்டு போனது.

மகள் உள்ளிருந்தே சித்தப்பாவுக்குப் போன் போட்டிருந்தாள். கையில் கட்டோடு தம்பி ஓடிவந்தான். "அண்ணே! நான்தான், பாரு!" என்று குறுக்கே விழுந்தவனுக்குத் தோளில் ஓர் அடி விழுந்தது. ஆனாலும் அவன் பிடியை விடவில்லை. இருவரும் கண்ணாடிச் சில்லுகளின் மேல் உருண்டார்கள். அப்போது சம்மட்டிக்கு வலிப்பு வந்தது. தலை தரையில் மோதி மோதி ரத்தம் கொட்டியது. தம்பி அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் சட்டையைக் கழற்றித் தலைக்கு அடியில் திணித்தான்.

ஆஸ்பத்திரியில் கை கால்களைக் கட்டிலோடு கட்டித்தான் வைத்திருந்தார்கள். தெளிந்ததும் டாக்டர், "இனிமே குறைக்கிற பேச்சே வேண்டாம். ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது" என்றார். சம்மட்டி படுக்கையிலிருந்தே டீச்சரம்மாவைக் கூப்பிட்டு முதல் தடவையாக உண்மையைப் பேசினான். குடிக்கத் தோன்றும்போதெல்லாம் அந்த வேகம் தணியும்வரை என்ன செய்வது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான். மாதங்கள் போயின. அவன் தொடவில்லை.

அப்புறம் ஒருநாள், பழைய குடிக் கூட்டாளியான லாரிக்காரன் பட்டறைக்கே வந்தான். "என்னடா சம்மட்டி, பொண்டாட்டி போட்ட மூக்கணாங்கயிறு வலிக்குதா?" என்று கையிலிருந்த பாட்டிலை அவன் தலையில் கவிழ்த்தான். சாராயம் கண்ணில் எரிந்தது. சம்மட்டி அவன் கழுத்தைப் பிடித்து, நின்றிருந்த வண்டியில் முகத்தை மோதினான். மூக்கு உடைந்த பிறகும் மோதினான். நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

அந்த வாரம் திரையின் முன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். "தலையில ஊத்தினான் டீச்சரம்மா. ஒரு சொட்டு உள்ள போகல."

"அவருக்கு என்ன ஆச்சு?"

சொன்னான்.

"அப்போ இந்த அடியை யார் அடிச்சாங்க? சரக்கு உள்ள இல்லையே."

சம்மட்டிக்கு இத்தனை வருஷமும் குடியின் தலையில் கட்டிய ஒவ்வொரு அடியும் தன்னிடமே திரும்பி வருவதுபோல் இருந்தது. பின்னால் நின்ற மனைவி, "இது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள்.

கோபத்துக்கென்று வேறொரு குழு இருந்தது. அதற்கு நேரில் போய் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். அவன் போகிறான். மூக்குடைந்தவன் போட்ட வழக்கும் நடக்கிறது. தம்பி தனியாகப் பட்டறை போட்டுவிட்டான். மனைவியும் மகளும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்து பார்க்கலாம். அவன் இருக்கும்வரை வாசல் கதவைத் திறந்தே வைக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் அவன் உட்காருவதில்லை.