கை எட்டாத வலி

செங்கல் சூடேறிவிட்டதா என்று வேம்புலி தண்ணீர் தெளித்துப் பார்க்கிறார். 'சுர்' என்றால் சரி. அடுப்பிலிருந்து அதை வெளியே தள்ளி, மேலே பழுத்த எருக்கிலைகளைப் பரப்பி, வலது குதிகாலை மெல்ல வைக்கிறார். வைத்ததும் எடுக்கிறார். மறுபடி வைக்கிறார். "ஸ்... போ, போ, பூடு" என்று வலியைப் பார்த்துச் சொல்கிறார், கொல்லையில் நுழைந்த ஆட்டை விரட்டுகிற மாதிரி.

பூந்தமல்லிக் கச்சேரியில் பங்கா இழுப்பது அவர் வேலை. உள்ளே வழக்கு நடக்கும்போது தலைக்கு மேல் ஆடுகிற துணித் தட்டியின் கயிறு, சுவர் ஓட்டை வழியாக வராந்தாவுக்கு வரும். அந்த முனையில் இவர். வலக்கையால் இழுத்து இழுத்துத் தோள் இறுகிப்போகவே, கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டார். குதிகாலை ஊன்றி இழுத்ததில் இப்போது அதுவும் போயிற்று. "தோள்ல இருந்த சனியன் காலுக்கு எறங்கிட்ச்சின்னு சந்தோசப்பட்டேன் அண்ணாத்தே. எங்க எறங்குச்சு? அங்கயும் கீது, இங்கயும் கீது!" என்று, வழக்குக்கு வந்த முகம் தெரியாத வெளியூர்க்காரர்களிடம் மட்டும் சொல்வார்.

வைத்தியங்களை ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் மனிதருக்கு நேரம் போவதே தெரியாது. வராந்தாவில் காத்திருக்கிற கட்சிக்காரர்கள் தங்கள் வழக்கை மறந்து கேட்பார்கள். கம்பவுண்டர் தடவிய அயோடின் தோலைத்தான் உரித்ததாம். வறுத்த மணல் ஒத்தடம் பரவாயில்லையாம். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கும் ஒரு நடை போய் வந்திருக்கிறார். "கரண்டு பொட்டி ஜோராத்தான் கீது. எறும்பு ஊர்ற மாதிரி ஊருது. இன்னா பிரயோசனம்? ஊட்டுக்கு வர்றப்போ வலியும் கூடவே வண்டி ஏறி வந்துடுது." குதிகாலுக்குச் செங்கல்தான் என்று அடித்துச் சொல்வார். தோளுக்கு எது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஷவுகத் அலியிடம் அது நடக்காது. பட்டாளத்துக் குதிரை லாயத்தில் இருந்தவர் அவர். குதிரைக் காலை நீவிய கைதான் இப்போது ஊராரின் கை காலை நீவுகிறது. "தோளுக்கு ஒத்தடம் கித்தடம் எல்லாம் வேலைக்காவாது வேம்புலி. தோள் சப்பைக்கு அடில எண்ணெ வச்சு, உள்ளங்கையால நல்லா தேய்க்கணும். வா, ஒக்காரு."

"அது எப்பவோ சரியாப் பூட்ச்சு பாய்."

சரியாகவில்லை. கை காது மட்டத்துக்கு மேல் எழாது. தலைப்பாகையை இடக்கை ஒன்றாலேயே சுற்றிக்கொள்கிறார். ஷவுகத் அலியின் மகன் ஆவடிக்கு வண்டி ஓட்டுகிறான். இங்கே விழுகிற சொல் பொழுது சாய்வதற்குள் அங்கே போய்விடும். ஆவடியில்தான் மகள் எல்லம்மாவைக் கொடுத்திருக்கிறது.

வேம்புலியின் மனைவி பூங்காவனம் வாதம் அடித்துப் படுத்திருக்கிறாள். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. தூக்கி உட்காரவைப்பது, புரட்டிப் போடுவது, கழுவிவிடுவது எல்லாம் வேம்புலிதான். வருகிறபோதெல்லாம் எல்லம்மா ஒன்றையே சொல்கிறாள்: "அம்மாவத் தூக்க முடியலன்னா சொல்லிடு நைனா. நான் இட்டுகினு பூட்றேன்." நல்ல பெண், சொன்னால் செய்வாள். ஆனால் மருமகன் வீட்டில் ஒரு கட்டிலுக்குத்தான் இடம். பூங்காவனம் போய்விட்டால் இந்த வீட்டில் வேம்புலி யாருக்காக விளக்கேற்றுவது?

போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். நேராகவே கேட்டுவிட்டாள்: "எங்க, என் எதுருலயே அம்மாவத் தூக்கு, பாக்கலாம்." வேம்புலி சிரித்துக்கொண்டே குனிந்தார். பாரத்தையெல்லாம் இடக்கைக்குக் கொடுத்து, வலக்கையைச் சும்மா ஒட்டவைத்து, துண்டின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு தூக்கி உட்காரவைத்துவிட்டார். "பூ மாதிரி கீறா உங்கம்மா!"

"இப்டி வேர்க்குது?"

"அடுப்பாண்ட இருந்தேன்ல, அதான்."

எல்லம்மா அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, அரைமனதாக வண்டி ஏறினாள்.

குதிகால் வலி நல்ல வலி. கண்ணெதிரில் இருக்கிறது, தன் கையாலேயே பார்த்துக்கொள்ளலாம். தோள் வலி அப்படி இல்லை, அதற்கு இன்னொருவர் கை வேண்டும். முன்பெல்லாம் கச்சேரி விட்டு வந்ததும் பூங்காவனம் அவர் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, "இன்னா ஒடம்புய்யா இது, கருங்கல்லாட்டம்" என்று திட்டிக்கொண்டே தேய்த்துவிடுவாள். அந்தத் திட்டு இல்லாமல் எந்தத் தைலம் வாங்கி என்ன?

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் அவர் கரண்டியில் எண்ணெயைக் காய்ச்சினார். கட்டிலருகே வந்து, பூங்காவனத்தின் மடங்கிப்போன வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். சூடு பார்த்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினார். அந்தக் கையைக் கட்டில் விளிம்பில் நிறுத்தி வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து, தோள்பட்டையை அதன்மேல் சாய்த்தார்.

"கொஞ்சம் அயுத்தித் தேய் புள்ள" என்று சொல்லிக்கொண்டே, தாமே மேலும் கீழும் அசைய ஆரம்பித்தார்.